துவக்கு மருந்து: தேர்வும் அளவும்

தமிழ் கற்பிப்போர் துவக்கு மருந்தைப்பற்றி எழுதப் புகுவது விந்தையே என அன்பர்கள் எண்ணக்கூடும். எனினும் கல்லூரி மலருக்கு இப்பொருளை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் இரண்டு உள. முதலாவது, சொல்லைப்பற்றியது. நோயைத் தணிப்பதையும் மருந்து என்கிறோம். குழலினின்று குண்டை உந்தித் தள்ளுவதையும் மருந்து என்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயரிட்ட நம் முன்னோர் அறிந்தோ அறியாமலோ ஓர் உண்மையைச் சுட்டிச் சென்றனர். இரண்டாவது காரணம், நம் மாணவரைப்பற்றியது. கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டு மேசையிலேயே நிரப்பிக்கொள்ளும் அயல்நாட்டாரை இன்றைய இளைஞர் கைபேசித் திரையிற் காண்கின்றனர். கண்டபின், “வலிய மருந்தே நல்ல மருந்து” என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். அம்முடிவு எத்துணைப் பிழையானது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நாம் வாழும் மலையிலிருந்தே தொடங்குவோம். நுவரெலியாக் கோல்ப் மைதானத்தின் அருகே மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்பாரின் கல்லறை உண்டு. 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனச் சொல்லப்படும் அவர், 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அடுத்த சில ஆண்டுகளில் இங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர், தம் வேட்டை அனுபவங்களை 1854 இல் நூலாக வெளியிட்டார். அவரிடமிருந்த பெருந்துவக்கு 21 இறாத்தல் நிறையுடையது. அதற்கு ஒரு வேட்டுக்கு 16 டிறாம், அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ், மருந்து இடப்பட்டது. அந்நாளைத் துவக்குகள் வாய்வழியாகக் கெட்டிக்கப்படுபவை. மருந்து வேறு, குண்டு வேறு, தீமூட்டும் கேப்பு வேறு. ஆதலின் வேட்டைக்காரன் ஒவ்வொருவனும் தன் மருந்தைத் தானே அளந்திட வேண்டியிருந்தது. இன்று வீட்டில் தோட்டா நிரப்புவோர் செய்யும் வேலையின் மூலவடிவம் அதுவே.

அக்காலத்தில் இருந்த மருந்து ஒன்றே, அதுவே கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை அது. அவற்றுள் வெடியுப்பே பெரும்பங்கு. இம்மலைநாட்டார் அதனை வெள்ளையரிடமிருந்து மட்டும் பெற்றவரல்லர். நக்கிள்ஸ் மலைத்தொடரிலுள்ள மீமுரேயை அடுத்த குகையில் கண்டிநாட்டு மக்கள் வெடியுப்பு எடுத்ததை, யோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் 1821 இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்துள்ளார்.

மருந்து ஒன்றேயெனில் தேர்வு எங்கே என வினவலாம். தேர்வு, மணியின் பருமனில் இருந்தது. கருமருந்தின் மணி ஒவ்வொன்றும் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் நோக்கி எரிவது. பெருமணி மெல்ல எரியும். சிறுமணி, எடைக்கு மேற்பரப்பு மிகுதியாதலின், விரைந்து எரியும். எஃப் என்னும் ஆங்கில எழுத்தின் எண்ணிக்கையால் இதனைக் குறிப்பர். எழுத்துக் கூடக் கூட மணி சிறுக்கும். ஒற்றை எழுத்து மருந்து பெருந்துவாரத் துவக்குக்கும், மூன்றெழுத்து மருந்து கைத்துப்பாக்கிக்கும் உரியன. நீண்ட குழலில் கனத்த குண்டு நகர்வதற்கு நேரம் வேண்டும். குறுகிய குழலில் இலேசான குண்டு உடனே வெளியேறிவிடும். அந்தந்தக் கால அளவுக்கு ஏற்ற மணியைத் தெரிவதே அன்றைய அறிவு.

கருமருந்துக்கு இரு குறைகள் இருந்தன. எரிந்த மருந்தின் எடையிற் பாதிக்குமேல் திண்மப் பொருளாகவே எஞ்சி, புகையாக வெளிப்படவும் குழலுக்குள் கசடாகப் படியவும் செய்யும். அக்கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நம் மூடுபனி நாட்டில், சுட்ட துவக்கை அன்றே கழுவாதவன் மறுவாரம் துருவைத்தான் காண்பான். மருந்து நனைந்தால் வேட்டும் இல்லை. வெடியுப்பிலும் வகை உண்டு. சோடிய உப்பு மலிவானது. ஆயினும் பொட்டாசிய உப்பைக் காட்டிலும் மிகுதியாக ஈரம் வாங்குவது. அதனாலேயே பாறை உடைக்கும் மருந்தில் அது இடம்பெற்றபோதும், துவக்கு மருந்தில் பொட்டாசிய உப்பே நிலைத்தது.

இந்நிலையை மாற்றியது பஞ்சு. 1846 இல் பாசல் நகரப் பேராசிரியர் சேன்பைன், பஞ்சை அமிலங்களில் நனைத்தெடுத்தால் அது புகையின்றிப் பெருவேகத்துடன் எரிவதைக் கண்டறிந்தார். உலகமே வியந்தது. உடனே இங்கிலாந்தின் பேவர்சாம் நகரில் தொழிற்சாலை எழுந்தது. 1847 இல் அது வெடித்துச் சிதறிப் பலர் மாண்டனர். வலிமை மிகுந்தும் அடங்காத அப்பொருள் அந்நிலையில் துவக்குக்கு உதவவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1884 இல், பிரான்சியராகிய போல் வியேய் அப்பஞ்சைக் கூழாக்கி, தகடாக்கி, சிறு துண்டுகளாக வெட்டினார். பஞ்சின் நுண்ணிழைகள் மறைந்து இறுகிய பொருள் உருவாகவே, எரிதலின் வேகம் மனிதன் கைக்குள் வந்தது. 1889 இல் இங்கிலாந்தின் ஏபெல், டியூவர் இருவரும் கோர்டைட் என்னும் கயிறுபோன்ற மருந்தை ஆக்கினர். அதனை ஆக்குவதற்கென 1903 இல் நிறுவப்பெற்ற ஆலை ஒன்று நீலகிரியில், குன்னூரை அடுத்த அருவங்காட்டில் இன்றும் இயங்குகின்றது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் நம் உற்றார் உறவினர் பலர் சென்று குடியேறிய அதே நீலகிரிதான் அது. தேயிலையும் வெடிமருந்தும் ஒரே மலையில் விளைவது வரலாற்றின் ஒரு வேடிக்கை.

இனி, றிவோல்வர் எனப்படும் சுழற்கைத்துப்பாக்கிக்கு வருவோம். அதன் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன: பித்தளை உறை, அடியிலுள்ள கேப்பு, உள்ளே மருந்து, முகப்பில் குண்டு. சுட்டபின் உறை மட்டும் எஞ்சும். அதனைத் துப்புரவாக்கி, பழைய நிலைக்கு நெரித்து, புதுக்கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துவதே வீட்டில் தோட்டா நிரப்பும் தொழில். அமெரிக்காவில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே குடிமக்கள் சட்டப்படி செய்துவரும் வழக்கம். செலவு குறையும், குறிக்கு ஏற்ற தோட்டாவும் கிட்டும். அத்தொழிலில் மருந்துத் தேர்வைத் தீர்மானிப்பவை மூன்று.

முதலாவது, வேகம். றிவோல்வரின் குழல் சாண் அளவே. சுழலும் உருளைக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய இடைவெளியும் உண்டு. வாயுவிற் சிறிது அவ்வழியே கசியும். குண்டு குழலைவிட்டு நீங்குமுன் மருந்து எரிந்து முடியவேண்டுமாதலின், பொதுவாக விரைந்து எரியும் மருந்தே இதற்குப் பொருந்தும். நீண்ட குழல் றைபிளுக்கென ஆக்கிய மெதுமருந்தை இதில் இட்டால், பாதி எரியாமலே வாய்வழியே தீப்பிழம்பாக வெளியேறும். விரைமருந்தை றைபிளில் அதன் வழக்கமான அளவுக்கு இட்டாலோ அழுத்தம் கணத்தில் எல்லை கடந்து, எஃகு பிளக்கும். ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் நஞ்சு.

புகையில்லா மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அழுத்தம் ஏற ஏற அதன் எரிவேகமும் ஏறும். எரிதல் அழுத்தத்தைப் பெருக்க, அழுத்தம் எரிதலைத் துரிதப்படுத்தும். ஆகவே அளவிற் சிறிது கூடினாலும் விளைவு பன்மடங்கு கூடும். குண்டு உறைக்குள் வழக்கத்தினும் ஆழமாக அமிழ்ந்திருந்தாலும் இதுவே நேரும். ஏனெனில் மருந்து எரியும் இடம் அங்கே சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது, பருமன். இதனைப் பலர் கருதுவதில்லை. 0.38 ஸ்பெஷல் என்னும் புகழ்பெற்ற றிவோல்வர்த் தோட்டா 1898 இல் தோன்றியபோது கருமருந்துக்கென அளவிடப்பட்டது. 21 கிறேன், அதாவது ஏறத்தாழ 1.4 கிராம், கருமருந்து அதன் உறையை நிரப்பும். புகையில்லா மருந்தோ எடைக்கு எடை ஏறத்தாழ மும்மடங்கு ஆற்றலுடையது. ஆகையால் உறையின் ஒரு சிறு பகுதியே அதற்குப் போதும், எஞ்சியது வெற்றிடம். அவ்வெற்றிடத்திலேயே ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரே உறையில் மறதியால் இருமுறை மருந்து விழுந்துவிட்டாலும் அது நிரம்பி வழியாது. மேற்பார்வைக்கு மாறுதல் தெரியாது. அதனைச் சுடுபவன், உருளை பிளந்து சிதறும்போதே தன் பிழையை அறிவான். ஆகவே அனுபவசாலிகள், இருமுறை விழுந்தால் உறையை நிரப்பி வழியும் பருமனுடைய மருந்தையே விரும்புவர். குண்டை இடுமுன் எல்லா உறைகளையும் வரிசையில் நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றாக நோக்குவர். வலிமையிற் சிறந்ததை விடுத்து, பிழையைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பதைத் தேர்வது எத்துணை நுண்ணிய அறிவு!

மிகுதி மட்டுமன்று, குறைவும் தீங்கே. மருந்தே விழாத தோட்டாவில் கேப்பின் விசை ஒன்றே குண்டைத் தள்ளி, குழல் நடுவே சிக்கவைக்கும். அதனை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். சில மெதுமருந்துகளைக் குறித்த அளவிற் குறைத்து இடவே கூடாது என அவற்றை ஆக்குவோரே எச்சரிக்கின்றனர்.

மூன்றாவது, கலத்தின் வலிமை. 0.38 ஸ்பெஷலுக்கு இன்று அமெரிக்கத் தொழில்துறை வகுத்துள்ள அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல். அதே துவாரமுடைய 0.357 மக்னம் 1935 இல் வெளிவந்தது. அதன் எல்லை 35,000 இறாத்தல். வலிய தோட்டாவை மெலிந்த துப்பாக்கியில் எவரும் இட்டுவிடாதபடி, மக்னம் உறையை ஏறத்தாழ எட்டிலொரு அங்குலம் நீளமாக்கினர். பழைய உருளையில் அது முழுதும் நுழையாது. மனிதன் மறப்பான் என்பதை முன்னரே எண்ணி, மறதிக்கு அணையிட்ட ஏற்பாடு இது. வீட்டில் நிரப்புவோனுக்கோ இத்தகைய அணை எதுவும் இல்லை. அவன் தன் கையால் இடும் அளவே அணை. கருமருந்துக் காலத்துப் பழந்துப்பாக்கி தாத்தாவின் சொத்தெனச் சுவரில் தொங்கலாம். அதற்குப் புகையில்லா மருந்து ஒருநாளும் பொருந்தாது.

இவற்றோடு சேர்த்துச் சொல்லத்தக்க ஒழுங்குகள் சில. மருந்தை அதன் மூலப்பேணியிலேயே வைத்தல். பெயர் அழிந்த பேணியிலுள்ளதை ஊகித்துப் பயன்படுத்தாமை. ஒரு நேரத்தில் ஒரு மருந்தே மேசையில் இருத்தல். இரண்டை ஒருபோதும் கலவாமை. ஆக்கியோர் வெளியிட்ட அளவு நூலை மீறாமை. சாம்பல் நிறச் செதில்களாகவும் சிறுகோளங்களாகவும் தோன்றும் இம்மருந்துகளைக் கண்ணால் வேறுபடுத்த எவராலும் இயலாது.

நம் நாட்டில் இவையெல்லாம் அறிவுக்கு விருந்தேயன்றிக் கைத்தொழிலுக்கு உரியன அல்ல. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட் சட்டமும் உத்தரவுப்பத்திரம் இன்றிச் சுடுகலனையும் வெடிபொருளையும் கையாள்வதைத் தடுக்கின்றன. தடையிருந்தும் கள்ளத்தனமாக மருந்து கெட்டிப்போர் உளர். காட்டுப்பன்றிக்கெனப் புதர்மறைவிற் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு அவர்தம் கைவேலை. அதில் மருந்தின் வகையும் தெரியாது, அளவும் தெரியாது, குழலின் வலிமையும் தெரியாது. கம்பியிற் படும் கால் யாருடையது என்பதும் தெரியாது. விறகுக்குச் சென்றவரும் மாடு தேடிச் சென்றவரும் முழங்காலுக்குக் கீழே சிதைந்து வைத்தியசாலைக்குத் தூக்கிவரப்படுவது இந்நாட்டில் புதிய செய்தியன்று. மேலே நாம் விவரித்த மூன்று தேர்வுகளும் அற்ற இடத்தில் நேர்வது இதுவே.

திருவள்ளுவர் மருந்து என ஓர் அதிகாரம் வகுத்து, பெரும்பாலும் அளவையே அதிற் பேசினார். நோயையும் அதன் காரணத்தையும் தேர்ந்து, நோயாளியின் நிலையையும் காலத்தையும் கருதியே மருத்துவன் செயற்படவேண்டும் என்பது அவர் கருத்து. துவக்கு மருந்தைத் தேர்வோனுக்கும் இஃது ஒவ்வும். குழலின் நீளமும் குண்டின் கனமும் அவன் ஆராயவேண்டிய நோய், எஃகின் வலிமை அவன் முன்னுள்ள நோயாளியின் உடல், எரிவேகம் காலம். இவற்றை ஆராயாது, வலிமை ஒன்றையே கருதி மருந்திடுவோனைப் போலி மருத்துவன் என்றே கொள்ளல் வேண்டும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. போலி மருத்துவனின் பிழையைப் பிறர் உடல் தாங்கும். இவன் பிழையை முதலில் தாங்குவது இவனுடைய கையும் கண்ணுமே. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர், வெடியின் ஓசையில் மயங்காது, அதன் பின்னுள்ள அளவை நினைவிற் கொள்வாராக.