நொதிக்கும் தேயிலையும் நொதியாத உறையும்

ஹட்டனிலிருந்து தலவாக்கலை செல்லும் வழியில் தேயிலைத் தொழிற்சாலையொன்றை அணுகினால், கொழுந்து செம்புநிறம் பெறும் மணம் நம்மை எதிர்கொள்ளும். அச்செயலை நொதிக்கவிடல் என்பர். நொதித்தல் என்றதும் கள்ளும் தோசைமாவும் நினைவிற்கு வருதலால், அதுவும் நுண்ணுயிர்களின் வேலையே எனக் கருதுவோர் பலர். மாணவப் பருவத்தில் யானும் அவ்வாறே விடையெழுதிப் புள்ளியும் பெற்றேன்!

உண்மை வேறு. வாட்டிய கொழுந்தை உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதுவரை பிரிந்திருந்த நொதியமும் இலையின் துவர்ப்புப் பொருள்களும் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடுகின்றன. தேநீருக்கு நிறமும் விறுவிறுப்பும் தரும் பொருள்கள் பிறக்கின்றன. சுடுகாற்று பட்டதும் நொதியம் செயலிழக்கிறது. நுண்ணுயிர் ஈண்டு அழையா விருந்தாளி; அது பெருகினாற் சுவை கெடும் என்றே தளத்தைக் கழுவித் துப்புரவாக வைக்கின்றனர்.

எனினும் மெய்யான நொதித்தலுக்கும் தேயிலைக்கும் உறவு உண்டு. கடுந்தேநீர் ஆறியதும் கலங்குவதை எல்லோரும் கண்டிருப்போம். குளிர்நீரிற் கரையும் தேயிலைத்தூள் செய்வோர்க்கு இக்கலங்கல் பெருந்தொல்லை. அசுப்பெர்கிலசு என்னும் பூஞ்சணத்தை வளர்த்துப் பெறும் தனேசு என்ற நொதியம் அதனைக் குறைக்கிறது. பூஞ்சணத்திலிருந்து நொதியம் எடுக்கும் தொழிலுக்கு 1894இல் அமெரிக்காவில் உரிமைப்பத்திரம் பெற்றவர் யப்பானியரான தக்காமினே. கோதுமைத் தவிட்டிற் பூஞ்சணத்தை வளர்த்து, நீரில் ஊறவைத்து, அந்நீரில் மதுசாரம் சேர்த்து நொதியத்தை வீழ்படிவாக்கினார். இத்தகைய நொதியங்களைப் பூஞ்சணம் தன் உடலுக்கு வெளியே சுரப்பதால், வடித்துச் செறிவாக்கினாற் போதும்.

பிளாத்திக்கின் கதை இவ்வளவு எளிதன்று. 1926இல் பாரிசு நகரில் லெமுவாஞ் என்னும் அறிஞர், ஒருவகைப் பற்றீரியாவினுள் பிளாத்திக்கை ஒத்த பொருள் இருப்பதைக் கண்டார். சர்க்கரை மிகுந்து நைதரசன் குன்றும்போது, நாம் குதிரில் நெல் சேர்ப்பது போல, அவ்வுயிர் இப்பொருளை மணிமணியாகச் சேர்த்துக்கொள்கிறது. நன்கு ஊட்டி வளர்த்த சில இனங்களில் உலர்நிறையின் நூற்றுக்கு 80 பங்கு வரை இதுவே. ஆனால் குதிரை உடையாமல் நெல்லை எடுக்கவியலாது. கலச்சுவரைச் சிதைத்து, குளோரோபோம் போன்ற கரைப்பானாற் கரைத்தெடுக்க வேண்டும். அன்றேல் ஏனைய பொருள்களை வேறு இரசாயனங்களால் நீக்க வேண்டும். இப்பிரித்தெடுப்பும் சர்க்கரையின் விலையுமே இதனைப் பொலித்தீனினும் விலைமிக்கதாக்குகின்றன.

இது மலைநாட்டிற்கு ஏன் வேண்டும்? தேயிலை நாற்றுமேடையில் ஒவ்வொரு கன்றும் ஒரு பொலித்தீன் உறையிலேயே வளர்கிறது. நடும்போது உறையைக் கிழித்தெறிகின்றனர். ஏக்கருக்கு ஆயிரக்கணக்கிற் கன்றுகள் நடப்படுவதை எண்ணிப் பாருங்கள். கிழிந்த துண்டுகள் மழையோடு கானில் இறங்கி ஓடையை அடைகின்றன. மண்ணிற் புதைந்தவை உக்குவதில்லை. பற்றீரியா தரும் பிளாத்திக்கையோ மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே தின்று காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடும்.

விலை ஒருபுறம் இருக்க, இன்னொரு சிக்கலும் உண்டு. உறையினுள் இருப்பதும் மண்ணே; நாள்தோறும் நீரும் ஊற்றுகிறோம். எனவே நுண்ணுயிர்கள் நடும் நாள்வரை காத்திரா. நாற்றுமேடையிலேயே விருந்தைத் தொடங்கிவிடும். கன்று அங்கே பல மாதங்கள் நிற்க வேண்டும். அதுவரை உறை தாங்க வேண்டும், நட்டபின் விரைந்து உக்கவும் வேண்டும். தடிப்பைக் கூட்டினால் முன்னது கைகூடும். பின்னது தாமதிக்கும், செலவும் ஏறும்.