சைக்கிளில் கோலார் தங்கவயல்

விடுமுறை வந்தால் நம்மவர்கள் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிவிடுகிறோம். இந்த முறை எங்கள் வேன் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. தூரம், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,800 அடி உயரம். வேனின் மேல் இரண்டு சைக்கிள்களையும் கட்டிக்கொண்டு போனோம். வீட்டார் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் இறங்கிக்கொள்ள, நானும் என் மகனும் சைக்கிளில் புறப்பட்டோம்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களும் தோட்டங்களும் எழுந்தன. 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வந்தது. 1902இலேயே காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்த பங்களாச் சாலைகளில் இன்றும் மர நிழல் உண்டு. சைக்கிள் சுகமாகப் போகிறது.

சிறிது தூரம் மிதித்தால் நிழல் முடிந்துவிடுகிறது. வரிசை வரிசையாகத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சின்னஞ்சிறு வீடுகள். காரில் போயிருந்தால் இந்த இரண்டு உலகங்களும் இவ்வளவு அருகில் இருப்பது தெரிந்திருக்காது.

வழியில் வெளிறிய நிறத்தில் பெரிய மேடுகள் தெரிந்தன. "அப்பா, இது என்ன மலை?" என்றான் மகன். அவை மலைகளே அல்ல. பூமிக்கடியிலிருந்து வெட்டி எடுத்த பாறையை அரைத்து, சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்த பின் மிஞ்சிய தூள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அந்த ஆழத்தின் வெப்பத்திலும், பாறை வெடித்துச் சரியும் ஆபத்திலும் இறங்கி வேலை செய்தவர்களின் உழைப்புத்தான் மேடாகக் குவிந்து கிடக்கிறது. பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் பலர். தங்கம் வெளியே போயிற்று. தூசி இங்கேயே தங்கிவிட்டது. காற்றடிக்கும் நாட்களில் அது வீடுகளுக்குள் இன்றும் வந்து படிகிறது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஆண்டர்சன்பேட்டையில் டீக்கடை ஒன்றில் பேசிய பெரியவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "தம்பி, நாங்க மதராஸ் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். எங்க பிள்ளைங்க இங்கிருந்து தினம் பெங்களூருக்குப் போறாங்க" என்றார். மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில்தான் இந்த ஊர் இளைஞர்கள் வேலைக்குச் செல்கிறார்கள். ஊர் விட்டுப் பிழைப்பது என்றால் என்ன என்று அவர் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வந்த ஊரையே நான்கு தலைமுறையில் சொந்த ஊராக்கி, அங்கிருந்தும் பிழைப்புக்காக வெளியே ஓட வேண்டியிருப்பது எனக்குப் புதிதாக இருந்தது.

பெங்களூருக்கு உறவினர் வீடு வரும் நம் சங்கத்துக் குடும்பங்கள் இந்த ஊருக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். குளிர்காலக் காலை நேரம் சைக்கிளுக்கு ஏற்றது. பழைய சுரங்க வாய்களுக்கருகிலும் தூள் மேடுகளின் மேலும் பிள்ளைகளை விட வேண்டாம். லைன் வீட்டுத் தெருக்களில் நின்று, அங்குள்ள பெரியவர்களோடு தமிழில் நாலு வார்த்தை பேசுங்கள். சினிமாவில் பார்த்த கே.ஜி.எஃப். வேறு, நம்மவர் கட்டிய தங்கவயல் வேறு என்பது பிள்ளைகளுக்கே புரியும்.