பல்லைக் கடித்து மலையேறும் எஞ்சின்

காலை ஆறு மணி தாண்டியதும், சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தில் வந்து நிற்கிறது. அகலப் பாதை அந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. ஊட்டிக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு பக்கத்து நடைமேடைக்கு விரைகிறார்கள். அங்கே நீலமும் இளமஞ்சளும் பூசிய குட்டிப் பெட்டிகள் காத்திருக்கின்றன. எஞ்சினைப் பார்க்க முன்பக்கம் ஓடும் பிள்ளைகளின் கண்ணில் படுவது, பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான். எஞ்சின் ரயிலின் வால்பக்கம் இருக்கிறது. மலையேறும்போது அது பெட்டிகளை இழுப்பதில்லை. முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டே போகிறது.

ரயில்வே பதிவேட்டில் அதற்கு ‘எக்ஸ் வகை’ என்று பெயர். நீராவியில் ஓடும் எஞ்சின்.

இந்திய ரயில்வேயின் அகலப் பாதை கிட்டத்தட்ட முழுவதும் மின்மயமாகிவிட்டது. பீகாரின் மாதேபுராவில் 12,000 குதிரைத்திறன் கொண்ட சரக்கு எஞ்சின்கள் உருவாகின்றன. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பிறந்த வந்தே பாரத் 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கி, இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. பெரிதாகவும் வேகமாகவும் பெருகிக்கொண்டே போகும் இந்தக் குடும்பத்தில், மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் பெருமூச்சு விட்டபடி மலையேறும் ஒரு சிறிய எஞ்சினுக்கு இடம் இருக்கிறதா? இருக்கிறது. ஏன் என்று புரிந்துகொள்ள, அதன் வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

வழுக்காமல் ஏறுவது எப்படி?

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ரயிலின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். சமதளத்தில் கொஞ்சம் சக்தியைக் கொண்டு பெரும் பாரத்தை நகர்த்திவிடலாம். ஏற்றத்தில் அதே வழவழப்பு பகையாகிவிடும். மும்பையிலிருந்து புனே போகும் போர் கணவாயில் ஏற்றம் 37க்கு 1. அதாவது 37 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் உயரம். அதற்கே பின்னால் துணை எஞ்சின்கள் கொடுத்துத் தள்ளுகிறார்கள். நீலகிரியில் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே செங்குத்தான இடங்களில் 12.5 மீட்டருக்கே ஒரு மீட்டர் ஏற வேண்டும். சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,300 மீட்டர் உயரம். மழை நனைத்த தண்டவாளத்தில், உதிர்ந்த இலைகளின் மேல், வெறும் சக்கரத்தை நம்பி இந்த ஏற்றத்தில் ரயில் விட முடியாது.

டார்ஜிலிங்கில் பாதையை வளைத்தும், முன்னும் பின்னுமாக மடித்தும் மலையை ஏய்த்து ஏறினார்கள். நீலகிரியில் பல் வைத்து ஏறினார்கள். இந்தியாவிலேயே பற்சட்டம் பதித்த ரயில் பாதை இது ஒன்றுதான்.

கல்லாறு நிலையத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் இன்னொரு சங்கதி தெரியும். பற்கள் மேல்நோக்கி இருக்கும்படி இரண்டு ரம்பங்களை அருகருகே நிறுத்திவைத்தாற்போன்ற எஃகுச் சட்டங்கள். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த சட்டத்துக்குப் பள்ளம் வருமாறு தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கார்ல் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. எஞ்சினின் அடியில் சுழலும் பல்சக்கரம் ஒரு சட்டத்தின் பல்லை விடும் நேரத்தில், பக்கத்துச் சட்டத்தின் பல்லைக் கவ்விப் பிடித்திருக்கும். எந்த நொடியிலும் பிடி விடுவதில்லை. பனையேறி ஒரு கையை எடுக்கும்போது மறு கை மரத்தைப் பற்றியிருப்பதைப் போல.

பற்சட்டம் தொடங்கும் இடத்தில் ஓட்டுநர் வேகத்தை நடையளவுக்குக் குறைப்பார். பல்சக்கரம் சட்டத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும். ‘கடக்’ என்று ஓர் அதிர்வு பெட்டிகள் வழியே ஓடும். அதன் பிறகு எஞ்சினின் குரலே மாறிவிடும்.

மாறக் காரணம் இருக்கிறது. சாதாரண நீராவி எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் இருப்பது வழக்கம். எக்ஸ் வகைக்கு நான்கு. பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கீழே இருப்பவை எட்டு இயக்குசக்கரங்களைச் சுழற்றுகின்றன. சமமான பாதையில் அவை மட்டுமே வேலை செய்யும். பற்சட்டப் பாதை வந்ததும், கீழ் சிலிண்டர்களில் பாதி ஆற்றலைக் கொடுத்துவிட்டு வெளியேறும் நீராவியை வீணாக்காமல் மேல் சிலிண்டர்களுக்குத் திருப்பிவிடுகிறார்கள். அந்த மிச்ச ஆவிதான் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. வடித்த கஞ்சியும் வயிற்றை நிரப்பும் என்பது நம் வீட்டுச் சிக்கனம்; அதையே இரும்பில் செய்திருக்கிறார்கள். நிலையத்தில் நின்று பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். மேல் சிலிண்டரின் தண்டுகள் பல்லிணைகள் வழியாக இயங்குவதால், கீழ்த்தண்டுகள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுழலும். ஒரே எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு எஞ்சின்கள் தனித்தனியாக ஓடுவது போலத் தோன்றும்.

ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருப்பது அதனால்தான். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சினின் மேல் சாயுமே தவிர, தனியே உருண்டு ஓடாது. சக்கரங்களுக்குத் தனி பிரேக், பல்சக்கரங்களுக்குத் தனி பிரேக், ரயில் முழுவதுக்கும் வெற்றிட பிரேக். இவை போக, இறங்கும்போது சிலிண்டர்களையே காற்றழுத்தும் பம்புகளாக மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். ஓட்டுநர் பின்னால் இருப்பதால் முன்பாதை அவருக்குத் தெரியாது. முதல் பெட்டியில் நிற்பவர் கொடி அசைக்க, அடுத்தவர் அதைப் பார்த்து அசைக்க, அந்தச் செய்தி கைமாறி எஞ்சினுக்கு வந்து சேரும். பாதையில் யானை நின்றாலும், பாறை கிடந்தாலும் முதலில் பார்ப்பது அந்தக் கண்கள்தான்.

வின்டர்தூரிலிருந்து பொன்மலைக்கு

நீலகிரிக்கு ரயில் விடும் யோசனை 1854லேயே எழுந்தது. பேச்சிலும் திட்டத்திலுமே பல ஆண்டுகள் கழிந்தன. 1891 ஆகஸ்டில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கிவைத்தார். எடுத்து நடத்திய நிறுவனம் நொடித்துப்போனது. புதிய நிறுவனம் வந்தது. 1899 ஜூன் 15 அன்று மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை திறக்கப்பட்டது. உதகமண்டலம்வரை நீண்டது 1908இல். மொத்தம் 46 கிலோமீட்டர். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள்.

தொடக்கத்தில் ஓடியவை இங்கிலாந்தில் செய்த எஞ்சின்கள். கூடுதல் பாரம் இழுக்க எக்ஸ் வகை வந்தது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் இருந்த எஸ்.எல்.எம். தொழிற்சாலை 1914 முதல் 1925 வரை 12 எஞ்சின்களை அனுப்பியது. 1952இல் இன்னும் ஐந்து. ஆக மொத்தம் 17. உலகில் வேறெங்கும் ஓடாத, இந்த ஒரு மலைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை போன்ற எஞ்சின்கள்.

சட்டைக்கு வயதானபோதுதான் சிக்கல் தொடங்கியது. நாடு முழுவதும் நீராவி ஓய்ந்துகொண்டிருந்தது. அகலப் பாதையில் 1995இல் அதன் காலம் முடிந்தது. மீட்டர் பாதைகளை (நீலகிரிப் பாதையும் இந்த அளவுதான்) அகலப்படுத்தும் திட்டம் 1992 முதல் வேகமெடுத்து, மீட்டர் பாதை எஞ்சின்களுக்கு ஓட இடமே இல்லாமல் செய்தது. வின்டர்தூர் தொழிற்சாலையும் பழைய வடிவில் நீடிக்கவில்லை. ஒரு சிலிண்டர் விரிசல் விட்டாலோ, பல்சக்கரம் தேய்ந்தாலோ, கடிதம் எழுதி வரவழைக்க உதிரிப்பாகம் கிடையாது. ஒரு எஞ்சினைக் கழற்றி இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கும் நிலை வந்தது. குன்னூர்–ஊட்டி பகுதியில் பற்சட்டம் இல்லை என்பதால், அந்தப் பாதை டீசல் எஞ்சின்களின் கைக்குப் போனது. கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் மட்டும் டீசலால் கால் வைக்க முடியவில்லை. அதற்குப் பல் இல்லை.

இந்த இடத்தில்தான் திருச்சி பொன்மலை நுழைகிறது. தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாற்றி 1928இல் நிறுவிய பணிமனை அது. கொதிகலனும் சிலிண்டரும் பழுதுபார்த்துப் பழகிய கைகள் அங்கே இருந்தன. முதலில் பழைய எஞ்சினை எண்ணெயில் எரியும்படி மாற்றிப் பார்த்தார்கள். நிலக்கரி எஞ்சினின் புகைபோக்கியிலிருந்து பறக்கும் தீப்பொறி, கோடையில் காய்ந்து கிடக்கும் மலைக்காட்டுக்கு எமன். எண்ணெய் எரிப்பில் அந்தப் பயம் குறைவு. ஃபயர்மேனின் முதுகு ஒடிவதும் குறைவு.

அடுத்த அடிதான் பெரிது. பழைய எக்ஸ் எஞ்சினை மாதிரியாக வைத்துக்கொண்டு, 2011க்கும் 2014க்கும் இடையில் நான்கு புதிய எண்ணெய் எஞ்சின்களைப் பொன்மலைத் தொழிலாளர்கள் கட்டி முடித்தார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடும் புதிய எக்ஸ் எஞ்சின் ஒன்றும் அங்கிருந்து மேட்டுப்பாளையம் வந்தது. பிறகு, ஃபர்னஸ் ஆயிலுக்குப் பதிலாகப் புகை குறைந்த டீசலை எரித்து நீராவி எடுக்கும் முறைக்கும் மாறத் தொடங்கினார்கள். பெரும் ரயில்வேக்கள் நீராவியை மறந்த நூற்றாண்டில், கொதிகலன் முதல் பல்சக்கரம்வரை ஒரு நீராவி எஞ்சினைப் புதிதாகச் செய்வது சாதாரண வேலை இல்லை. விண்வெளியும் வேகமும் செய்தியாகும் நாட்டில், இந்தச் சாதனைக்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு.

கப்பலுக்கு ஒரு வழி, எஞ்சினுக்கு ஒரு வழி

வளரும் கூட்டத்தில் பழசும் சிறிசும் என்ன ஆகும் என்ற கேள்வி கடலிலும் உண்டு. 1990இல் இத்தாலியில் கட்டிய ஒரு சுற்றுலாக் கப்பல், நிறுவனங்கள் அதைவிடப் பெரிய கப்பல்களை இறக்க இறக்க, பெயர் மாறி, கடல் மாறி, கடைசியில் ‘கர்ணிகா’ என்ற பெயரோடு 2019இல் மும்பைக்கு வந்தது. மறு ஆண்டு கொரோனா வந்து தொழில் முடங்கியது. 2020 முடிவதற்குள் கர்ணிகா குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைப்பதற்காகக் கரையேறியது. எந்தக் கடலிலும் மிதக்கலாம் என்பதுதான் கப்பலின் வசதி. எந்தக் கடலிலும் அதற்குப் பதிலாக வேறொன்று மிதக்கலாம் என்பது அதே வசதியின் மறுபக்கம்.

எக்ஸ் எஞ்சினின் கதை நேர் எதிர். அதை வேறு பாதைக்கு விற்க முடியாது. கல்லாற்றுக்கு மேலே அதன் இடத்தில் வேறொன்றை நிறுத்தவும் முடியாது. சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ரோத்தோர்ன் மலை ரயிலும் இதே முடிவுக்குத்தான் வந்தது. அங்கே 1992 முதல் எண்ணெயில் எரியும் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டி ஓட்டுகிறார்கள். செய்தது அதே எஸ்.எல்.எம். பழமை மேல் பற்று இருந்தால் ஒன்றைக் கண்ணாடிக் கூண்டில் வைத்தாலே போதும். புதிதாகக் கட்டுகிறார்கள் என்றால், அதற்கு வேலை இருக்கிறது என்று பொருள்.

2005 ஜூலையில் யுனெஸ்கோ நீலகிரி மலை ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. டார்ஜிலிங் அதற்கு முன்பே 1999இல் இடம்பெற்றிருந்தது. கால்கா–சிம்லா 2008இல் சேர்ந்தது. பட்டியலில் இருப்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் பட்டியல் கொதிகலனுக்குத் தண்ணீர் ஊற்றாது. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து தண்டவாளத்தை மூடுகிறது. பாதையைச் சீர்செய்யும்வரை ரயில் நிற்கிறது. பாறையை அகற்றவும், பற்சட்டத்தின் போல்ட்டை முடுக்கவும் ஆட்கள் மழையில் நனைந்தபடி மலையேறுகிறார்கள். வந்தே பாரத் செய்யும் அதே ஐ.சி.எஃப். இந்தப் பாதைக்கும் புதிய பெட்டிகள் செய்து அனுப்பியிருக்கிறது. எஞ்சினும் பெட்டியும் புதிதாகிவிடும். நீராவியின் அழுத்தத்தைக் காதாலேயே அளக்கும் ஓட்டுநரையும், பல்சக்கரத்தின் தேய்மானத்தை விரலால் தடவிச் சொல்லும் ஃபிட்டரையும் ஒரு நாளில் செய்துவிட முடியாது. மூத்தவர் பக்கத்தில் இளையவர் ஆண்டுக்கணக்கில் நின்றால்தான் அந்த வித்தை கைமாறும். இந்த எஞ்சின்களின் எதிர்காலத்துக்குச் செய்ய வேண்டிய முதல் செலவு, குன்னூர் ஷெட்டிலும் பொன்மலையிலும் அப்படிப் பக்கத்தில் நிற்க ஆள் போடுவது.

குன்னூரில் கைமாற்று

மேட்டுப்பாளையத்தில் 7.10க்குக் கிளம்பிய ரயில் காடுகளைக் கடந்து, ஹில்குரோவில் தண்ணீர் குடித்து, தேயிலைச் சரிவுகள் தெரியத் தொடங்கும்போது குன்னூரை நெருங்குகிறது. ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் பயணிகளுக்கு டீ, குரங்குகளுக்குப் பயணிகளின் வடை.

குன்னூரில் எக்ஸ் எஞ்சின் கழன்றுகொள்கிறது. டீசல் எஞ்சின் வந்து சேர்கிறது. ஊட்டிப் பாதை பிடிக்க ரயில் கொஞ்சம் பின்வாங்கித் திரும்பி, வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஏறிப் போகிறது. ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி எடுத்த நிலையம் கேத்தி என்று யாராவது ஒருவர் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லாமல் இருப்பதில்லை.

இங்கே ஷெட்டுக்குள் எக்ஸ் எஞ்சின் ஆவியை மெல்ல விட்டபடி நிற்கிறது. அடியில் உள்ள குழிக்குள் ஒருவர் டார்ச்சோடு இறங்குகிறார். பல்சக்கரத்தைச் சிறிது சிறிதாக உருட்டச் சொல்லி, பல் பல்லாகச் சுத்தியலால் தட்டிக் கேட்டு, கிரீஸ் பூசுகிறார். இரண்டு மணிக்கு ஊட்டியிலிருந்து ரயில் கிளம்பிவிடும். அது குன்னூர் வந்து சேர்வதற்குள் கீழே அழைத்துப்போக ஒரு எஞ்சின் தயாராக வேண்டும்.