யப்பானிய வாளும் கொல்லன் பெயரும்

யப்பானிய வாளொன்றைச் செய்தவன் யாவன் என அறிய விழைவோர் முதற்கண் நாடுவது, பிடியினுள் மறைந்து கிடக்கும் அதன் அடித்தண்டினையாகும். பிடியையும் அலகையும் பிணைக்கும் சிறு மூங்கில் ஆணியைக் கழற்றியதும் அப்பகுதி வெளிப்படும். ஆங்கு உளியால் வெட்டப்பட்டுள்ள எழுத்துக்களை யப்பானியர் 'மெய்' என வழங்குவர். ஒலியால் மெய்யாயினும், பொருளால் அஃது எப்பொழுதும் மெய்யன்று.

இவ்வெழுத்துக்கள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படுவன. சுருங்கிய பொறிப்பிற் கொல்லனது பெயர் மாத்திரம் இருக்கும். விரிந்த பொறிப்பில் நாடு, ஊர், பட்டம், பெயர் என்பன அமைந்து, 'செய்தது' என்னும் பொருள்படும் சொல் ஈற்றில் நிற்கும். மறுபுறத்தில் ஆண்டும் மாதமும் காணப்படுதல் உண்டு. ஆண்டு அரசர் காலப் பெயராற் குறிக்கப்படும். சோவாக் காலத்தின் முதலாண்டு 1926 ஆதலின், 'சோவா 19' என்பது 1944 ஆம் ஆண்டாகும்.

பெயர் வெட்டப்பட்ட பக்கமும் ஒரு சான்றாகும். அணிந்தவனின் உடலுக்குப் புறத்தே தோன்றும் பக்கத்திற் பெயர் வெட்டுவதே பொதுவழக்கு. பழைய 'தாச்சி' வாள் கூர் கீழ்நோக்கத் தொங்கவிடப்பட்டது. பிற்காலக் 'கத்தானா' கூர் மேல்நோக்க இடைக்கச்சிற் செருகப்பட்டது. ஆகவே இரண்டிலும் பெயர் எதிரெதிர்ப் பக்கங்களில் அமையும். ஆயினும் ஹிசென் நாட்டுத் தாதயோசி மரபினர் கத்தானாவிலும் பெரும்பாலும் தாச்சிக்குரிய பக்கத்திலேயே பெயர் வெட்டினர்.

பெயரை வாசித்தறிந்தமையால் மாத்திரம் செய்தவனை அறிந்ததாகாது. இதற்குக் காரணங்கள் மூன்று. பிசென் நாட்டு ஒசபுனே ஊரிற் 'சுக்கெசதா' என்னும் ஒரே பெயரைப் பல கொல்லர் தாங்கினர். 17 ஆம் நூற்றாண்டில் எதோ நகரில் வாழ்ந்த கொத்தெத்சு போன்ற புகழ்பெற்றோரின் பெயர்கள் பிறரது வாள்களிற் பொய்யாகப் பொறிக்கப்பட்டன. நெடிய பழைய வாள்களை அடிப்பக்கத்தில் வெட்டிக் குறுக்கியபொழுது பெயரே அழிந்தது.

ஆதலின் தேர்ந்த மதிப்பீட்டாளர் வாளின் வடிவு, உருக்கின் இழையோட்டம், கூரையொட்டித் தோன்றும் பதவரி ஆகியவற்றை முதலில் ஆராய்வர். பின்னரே அடித்தண்டின் துருநிறம், அரத்தின் கீற்று, எழுத்தின் வெட்டு என்பவற்றை மெய்யெனத் துணியப்பட்ட வாள்களின் படிகளோடு ஒப்புநோக்குவர். அலகு கூறுவதைப் பெயர் மறுப்பின், ஐயத்திற்குரியது பெயரேயாம். அடித்தண்டின் துருவைத் தேய்த்துத் துடைப்பவர், அதன் தொன்மைக்குரிய சான்றினை அறியாமையால் அழிப்பவராவர்.

இதன் இன்றியமையாமையை ஹொன்யோ மசமுனே என்னும் வாள் உணர்த்தும். மசமுனேயின் நீள்வாள்களிற் பெயர் காண்டல் அரிது; இதுவும் பெயரற்றதே. தோக்குகாவா குடும்பத்தினர் 1945 திசெம்பரிற் காவல் நிலையமொன்றில் ஒப்படைத்த இவ்வாள், 1946 இல் ஆங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்டபின் காணாமற்போயிற்று. என்றேனும் அது வெளிப்படுமாயின், அதனை இன்னதெனக் காட்ட ஓர் எழுத்தும் உதவாது. அலகினையே வாசிக்கவல்ல கண் ஒன்றே உதவும்.