மின்னூலகமும் ஹதீஸ் ஆய்வும்

ஒரு நபிமொழியின் மூலத்தைக் கண்டறிய, டச்சு அறிஞர் வென்சிங்க் தொடங்கிய சொல்லடைவின் தொகுதிகளையே நாம் நெடுங்காலம் புரட்டி வந்தோம். 1936 முதல் லைடனில் வெளிவந்த அது, ஒன்பது ஹதீஸ் தொகுப்புகளுக்கு வேர்ச்சொல் வரிசையில் வழிகாட்டுவது. இன்று 'அல்மக்தபா அஷ்ஷாமிலா' என்னும் மின்னூலகம் ஆயிரக்கணக்கான நூல்களை நொடிகளில் துழாவித் தருகிறது. வசதியற்ற மத்ரஸாவுக்கும் அது இலவசமாகக் கிட்டுவது பெரும்பேறே.

ஆயினும், கணினி எழுத்து வடிவத்தைக் கொண்டே தேடுகிறது. ஒரே ஹதீஸ் வெவ்வேறு அறிவிப்புகளில் வெவ்வேறு சொற்களில் வருவதுண்டு. எனவே, 'கிடைக்கவில்லை' எனத் திரை காட்டியதும் 'அப்படியொரு ஹதீஸே இல்லை' என மாணவர் தீர்ப்பளித்தல் தகாது. வேறு சொற்களாலும் தேடுதல், நூலகத்து அச்சுப் பதிப்போடு ஒப்பிடுதல், அறிவிப்பாளர் தொடரை ஆராய்தல் ஆகிய மூன்றையும் பயிற்றுவிப்பது ஆசிரியர்களாகிய நம் கடனாகும்.