படம் இருக்கிறது, படிக்க ஆள் எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் என் தங்கை மகன் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டான். அருகிலிருந்த மருத்துவமனையில் உடனே சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். ஆனால், அதைப் படித்துச் சொல்ல வேண்டிய கதிரியக்க மருத்துவர் விடிந்த பிறகே வந்தார். மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருந்தது. அவன் பிழைத்துக்கொண்டான், இடது கையின் தளர்ச்சி மட்டும் இன்னும் நீங்கவில்லை.

எங்கே பற்றாக்குறை என்பதை முதலில் கண்டறிய வேண்டும் என்பது பொருளியலின் பாலபாடம். இங்கே பற்றாக்குறை கருவிக்கு அல்ல, அதைப் படிக்கும் கண்ணுக்கு. கருவியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஒரு கதிரியக்க மருத்துவர் உருவாக எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த இடைவெளியில்தான் ஸ்கேன் படங்களைத் தானே ஆராயும் மென்பொருள் நுழைகிறது.

சி.டி. படம் என்பது அடிப்படையில் எண்களின் தொகுப்பு. ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் நீருக்கு 0, காற்றுக்கு -1000. புதிதாகக் கசிந்த ரத்தத்தின் எண் மூளைத் திசுவைவிட அதிகம்; எனவே அது வெண்மையாகத் தெரிகிறது. மருத்துவர்கள் முன்பே படித்த லட்சக்கணக்கான படங்களிலிருந்து இத்தகைய வேறுபாடுகளை மென்பொருள் கற்றுக்கொள்கிறது. மும்பையைச் சேர்ந்த கியூர்.ஏஐ நிறுவனத்தின் ஆய்வு 2018-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. அதில் 491 படங்களில் மென்பொருளின் கணிப்பு மூன்று கதிரியக்க மருத்துவர்களின் முடிவோடு ஒப்பிடப்பட்டது. ரத்தக் கசிவைக் கண்டறிவதில் அது பெற்ற மதிப்பு ஏறத்தாழ 0.94.

இதை 94 சதவீதத் துல்லியம் என்று கொள்வது தவறு. கசிவுள்ள ஒரு படத்தையும் இல்லாத ஒரு படத்தையும் கொடுத்தால், முன்னதற்கே கூடுதல் ஐயமதிப்பு தரும் வாய்ப்பு 94 சதவீதம் என்பதே அதன் பொருள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் படங்களில் 50-இல் கசிவு இருப்பதாகக் கொள்வோம். கசிவுள்ளவற்றிலும் இல்லாதவற்றிலும் மென்பொருள் 90 சதவீதம் சரியாகச் சொன்னால், 45 கசிவுகள் பிடிபடும், ஐந்து தவறும். கசிவே இல்லாத 950 பேரில் 95 பேருக்கும் எச்சரிக்கை ஒலிக்கும். ஆக, 140 எச்சரிக்கைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவையே உண்மை.

ஆகவே, இதன் சரியான பணி தீர்ப்பளிப்பது அன்று, வரிசையை மாற்றுவது. ஐயத்துக்குரிய படத்தை முன்னே நகர்த்தி மருத்துவரை உடனே அழைக்கலாம். எச்சரிக்கை பொய்யானால் சில நிமிடங்களே வீணாகும். அச்சம் தருவது தவறவிட்ட அந்த ஐந்தின் மௌனம்தான். மூளையின் நரம்பிழைகள் பரவலாகச் சிதைந்தாலும் சி.டி. படத்தில் பெரும்பாலும் தெரியாது. முதலில் சிறிதாயிருக்கும் கசிவு சில மணி நேரத்தில் பெருகலாம். மயக்க நிலையை அறிய நோயாளியைத்தான் பார்க்க வேண்டும்.

சாலை விபத்தில் சிக்குவோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021-இல் தொடங்கியது. பணத்தடை குறைந்தது, காலத்தடை எஞ்சியிருக்கிறது. மென்பொருளை வாங்குமுன் நம் மருத்துவமனைப் படங்களிலேயே அதைச் சோதிக்க வேண்டும். அது தவறவிட்டவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். 'கசிவு இல்லை' என்று அது சொன்ன படத்தையும் குறித்த நேரத்துக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும். கருவியைக் காட்டி மருத்துவர் பணியிடங்களைக் குறைப்போமானால், என் தங்கை மகன் காத்துக் கிடந்த அந்த இரவு இன்னொருவருக்கும் வாய்க்கும்.