பயிற்றுநர் கட்டளையும் குதிரையோட்டியின் துணிபும்

குதிரைப் பந்தயத்தில் வெற்றியைத் தருவது குதிரையின் கால்வலிமை ஒன்றே எனப் பலர் கருதுவர். அவ்வலிமையை எவ்விடத்தில் எவ்வளவு செலவிடுவது என்னும் தீர்மானமும் அதற்கு இணையான காரணமாகும். அத்தீர்மானத்தில் இருவர்க்குப் பங்குண்டு. ஒருவர் குதிரையைப் பல மாதம் பழக்கிய பயிற்றுநர். மற்றவர் சில நிமிடங்களே அதன்மேல் அமரும் குதிரையோட்டி.

பந்தயத்திற்குச் சற்று முன்னர்ப் பயிற்றுநர் தம் கட்டளையை உரைப்பார். முன்னணியில் ஓடுவதா, பின்தங்கி வருவதா, இறுதி விரைவை எங்கே தொடங்குவது என்பனவே அதன் பொருள். குதிரையின் இயல்பறிந்தவர் ஆதலின் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு. ஆயின், ஏனைய குதிரைகள் அன்று எவ்வாறு ஓடும் என்பதை அவர் முற்றாக அறியார். முன்னணிக் குதிரை தொடக்கத்திலேயே விரைந்தோடின் களைப்புறும், பின்வருவது பயன்பெறும். முன்னணி மெதுவாகச் செல்லின் அதன் வலிமை எஞ்சிநிற்கும்; பின்வருவது அதனை எட்டுதல் அரிது. ஆகவே ஒரே கட்டளை ஒருநாள் நன்றாகவும் மற்றொருநாள் தீதாகவும் முடியலாம்.

அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டு நிகழ்ந்த இரு பந்தயங்கள் இதனை விளக்கும். கென்ரக்கி டேர்பியில் காலன்ற் மான் என்னும் குதிரையை வில்லியம் சூமேக்கர் ஓட்டினார். ஓட்டுபவர் எல்லைக்கம்பத்தைத் தவறாகக் கணித்ததாகத் தாம் கனவு கண்டமையை உரிமையாளர் முன்னரே அவருக்குக் கூறியிருந்தார் என்பர். எச்சரித்தும் பயனில்லை. எல்லைக்கு முன்னுள்ள கம்பத்தையே எல்லையெனக் கருதிய சூமேக்கர் கணப்பொழுது அங்கவடியில் எழுந்து நின்றார். அயன் லீஜ் மூக்களவில் வென்றது. பெல்மொன்ற் பந்தயத்திலோ பயிற்றுநர் ஜொன் நெருட், போல்ட் றூலரைத் தொடக்கத்திலேயே விரைந்தோடச் செய்வதற்கென மற்றொரு குதிரையையும் களமிறக்கினார். போல்ட் றூலர் களைத்தது. அதே சூமேக்கர் ஓட்டிய காலன்ற் மான் எட்டுக் குதிரை நீளத்தால் வென்றது. திட்டம் பயிற்றுநருடையது, அதனை நிறைவேற்றிய கண்ணும் கையும் ஓட்டியுடையன.

போல்ட் றூலரின் மகனாகிய செக்கிரற்றேரியற் 1973இல் பிறீக்னெஸ் பந்தயத்தில் கடைசியாகத் தொடங்கியது. முன்னோடும் குதிரைகள் வேகங்குறைந்தமை கண்ட றொன் ரேர்கொற், முதல் வளைவிலேயே தம் குதிரையை முன்செலுத்தி வென்றார். அத்துணிபு களத்திலேயே பிறந்தது.

எனினும் எல்லா ஓட்டிகளும் அவ்வாறு துணியார். குதிரையை யார் ஓட்டுவது என்பதில் பயிற்றுநர் சொல்லுக்கு வலிமை மிகுதி. கட்டளையை மீறித் தோற்றவன் அடுத்த வாய்ப்பை இழக்கலாம். கட்டளைப்படி தோற்றவனுக்கோ அக்கட்டளையே கேடயமாகும். அதனாற் சிலர் கண்ட உண்மையைக் கைவிட்டுக் கேட்ட சொல்லைப் பற்றிக்கொள்கின்றனர்.

பொதுமக்கள் பணம் வைக்கும் விளையாட்டாதலின் விதிகளும் இதிற் தலையிடுகின்றன. குதிரையை அதன் முழுத்தகுதிக்கேற்ப ஓட்டாவிடின் ஓட்டி விசாரிக்கப்படுவான். கட்டளை தந்தவரும் பொறுப்பினின்று தப்பார். அவுஸ்திரேலியாவில் ஓட்டமுறையை மாற்றக் கருதும் பயிற்றுநர் அதனை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

இவற்றை நோக்குமிடத்து, சிறந்த கட்டளை குதிரையின் குணத்தைத் தெளிவாக உரைத்து, முந்தவேண்டிய தருணத்தை ஓட்டியிடம் விடுவதே என்பது பெறப்படும். அறிவு பயிற்றுநரிடம் மிகுதி. காட்சி ஓட்டியிடமே உண்டு.